செல்லப் பிராணிகளுக்குத் தீனி: வீட்டில் கரப்பான் வளர்க்கலாமா?

கரப்பான் பூச்சியைக் கண்டதும் கையில் கிடைக்கும் செருப்பை எடுப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அதையே பெட்டியில் வைத்து, தீனி போட்டு, கணக்குப் பார்த்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணான், லெப்பர்ட் கெக்கோ என்னும் சிறுத்தைப் பல்லி போன்ற ஊர்வனவற்றை வளர்ப்போர், அவற்றின் அன்றாட உணவுக்காகவே கரப்பான் வளர்க்கின்றனர். இளைஞர்கள் பலருக்கு இதில் ஆர்வம் இருக்கிறது. பெற்றோருக்கோ அச்சமும் அருவருப்பும் இருக்கின்றன. இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இதில் பல உண்டு.

வீட்டுக் கரப்பான் வேறு, தீனிக் கரப்பான் வேறு

உலகில் ஏறக்குறைய 4,600 வகைக் கரப்பான்கள் உள்ளன. அவற்றுள் மனிதர் வாழும் இடங்களை அண்டிப் பிழைப்பவை சுமார் 30 வகைகள்தாம். மற்றவை காடுகளில் சருகுகளுக்கு அடியிலும் மரப்பொந்துகளிலும் வாழ்ந்து, அழுகிய இலை தழைகளைத் தின்று மண்ணை வளப்படுத்துகின்றன. சமையலறையிலும் சாக்கடையிலும் ஓடுகிற கரப்பானை வைத்து எல்லாக் கரப்பான்களையும் எடை போடுவது சரியாகாது.

தீனிக்காக உலகம் முழுவதும் அதிகமாக வளர்க்கப்படுவது டூபியா எனப்படும் வகை. பிரேசில், அர்ஜென்டினா உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகள் இதன் தாயகம். நன்கு வளர்ந்த டூபியா 4 முதல் 4.5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆணுக்கு உடல் முழுவதையும் மூடும் இறக்கை உண்டு. பெண்ணுக்குத் தோளருகே சிறு இறக்கைத் துண்டுகள் மட்டுமே இருக்கும். ஆண் பூச்சி எப்போதாவது படபடத்துக் கீழே இறங்குமே தவிர, வீட்டுக் கரப்பானைப் போல் பறந்து முகத்தில் மோதாது.

வளர்ப்போர் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கண்ணாடி, வழுவழுப்பான பிளாஸ்டிக் ஆகியவற்றின் மீது இதனால் ஏற முடியாது. இரண்டாவது, இது சத்தம் போடாது. சுத்தமாக வைத்திருந்தால் வாடையும் மிகக் குறைவு. மூன்றாவது, இது முட்டைக் கூட்டை மூலை முடுக்குகளில் ஒட்டிவிட்டுப் போவதில்லை. பெண் பூச்சி முட்டைகளைத் தன் உடலுக்குள்ளேயே சுமந்து, குஞ்சுகளாகவே ஈன்றெடுக்கிறது.

வெட்டுக்கிளியைப் போலத் தோன்றும் சில்வண்டுகளே நெடுங்காலமாக ஊர்வனவற்றின் தீனியாக இருந்து வந்தன. அவை இரவெல்லாம் கத்தும், நெருக்கடி ஏற்பட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும், விரைவில் மடியும். சில்வண்டுகளைத் தாக்கும் கிருமி ஒன்று 1977-இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. அதே கிருமி 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகளைப் பெரிதும் பாதித்தது. அதன் பிறகு பலர் டூபியாவின் பக்கம் திரும்பினர்.

வீட்டில் பிடித்ததைப் போட்டால் என்ன?

"வீட்டில்தான் கரப்பான் நிறைய இருக்கிறதே, அதைப் பிடித்துப் போட்டால் செலவு மிச்சம்தானே" என்று கேட்போர் உண்டு. இது ஆபத்தான எண்ணம். நஞ்சு கலந்த தீனியைத் தின்ற கரப்பான் உடனே சாவதில்லை. சில நாட்கள் உயிரோடு நடமாடும். பக்கத்து வீட்டில் அடித்த மருந்து அதன் உடலில் ஒட்டியிருக்கலாம். அதைத் தின்னும் பல்லியின் வயிற்றுக்குள் அந்த நஞ்சும் போகும். சாக்கடையில் திரிந்த பூச்சியோடு குடற்புழுக்களும் கிருமிகளும் வரக்கூடும். தோட்டத்தில் பிடிக்கும் பூச்சிகளிலும் இதே ஆபத்து உண்டு. மின்மினிப் பூச்சியின் உடலில் இயற்கையாகவே நஞ்சு இருப்பதால், ஒன்றைத் தின்றாலே தாடி ஓணான் இறந்துபோகலாம்.

தீனிப் பூச்சி எங்கிருந்து வந்தது, என்ன தின்றது என்பது வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே தனியாக வளர்ப்பதன் முதல் நன்மை இதுதான். பணம் மிச்சமாவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெட்டி வாங்குவதற்கு முன்னால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. பல ஊர்வன இனங்களை வளர்ப்பதற்குப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் தேவை. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக அந்தப் பிராணியை வளர்க்க அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் ஓணான், பல்லி, பாம்பு போன்றவற்றைச் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை.

உயிருள்ள பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து அனுமதியின்றித் தருவிப்பதும் குற்றமாகும். அஞ்சலில் வரும் சிறு பொட்டலம்தானே என்று எண்ணி யாரும் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். உள்நாட்டில் வளர்க்கப்பட்ட பூச்சிகளை நம்பகமானவரிடம் வாங்குவதே முறை.

பெட்டியை அமைக்கும் விதம்

தொடக்கத்திற்கு 50 அல்லது 60 லிட்டர் கொள்ளளவுள்ள, மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். உட்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சம் புகாத நிறமாக இருந்தால் நல்லது. கரப்பான்கள் இருட்டில்தான் அமைதியாக இருக்கும். பழைய பெட்டியில் கீறல்கள் இருந்தால் குஞ்சுகள் அவற்றைப் பிடித்து ஏறிவிடும். ஆகவே உட்புற விளிம்பைச் சுற்றி அகலமான வழுவழுப்பு ஒட்டுநாடாவை ஒட்டிவிட வேண்டும்.

மூடியில் இரண்டு பெரிய துவாரங்களை வெட்டி, உலோகக் கம்பி வலையைப் பசையால் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் வலையைப் பூச்சிகள் கடித்து வழி செய்துகொள்ளும். காற்றோட்டம் குறைந்தால் உள்ளே ஈரம் தேங்கி, பூஞ்சணம் பிடித்து, மொத்தப் பூச்சிகளும் அழிய நேரிடும்.

பெட்டிக்குள் மண்ணோ மரத்தூளோ போட வேண்டியதில்லை. முட்டை விற்கும் காகித அட்டைகளைச் செங்குத்தாக வரிசையாக நிறுத்தினால் போதும். படுக்கை வசமாக அடுக்கினால் கழிவு அட்டைகளிலேயே தங்கிவிடும். நிறுத்தி வைத்தால் அது அடியில் விழும். பூச்சிகள் பதுங்குவதற்கும் தோல் உரிப்பதற்கும் குஞ்சு ஈனுவதற்கும் அட்டைகளின் இடுக்குகள் இடம் தரும்.

டூபியா பெருகுவதற்கு 27 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் தேவை. குளிர் நாடுகளில் இதற்காக மின்சார வெப்பத் தகடு வைக்கிறார்கள். நம் நாட்டுச் சமவெளிப் பகுதிகளில் அந்தச் செலவு இல்லை. வீட்டின் வெப்பமே போதுமானது. குளிர்சாதனம் ஓடும் அறையிலும் கேமரன் மலை போன்ற இடங்களிலும் மட்டும் வெப்பத் தகடு தேவைப்படும். எனினும் பெட்டியை நேரடி வெயிலில் வைத்தால் சில மணி நேரத்திலேயே எல்லாம் செத்துவிடும்.

நம் ஊரில் இரண்டு பெரும் எதிரிகள்

முதல் எதிரி எறும்பு. பழத்துண்டின் வாசனைக்கு வரும் எறும்புக் கூட்டம் ஒரே இரவில் குஞ்சுகளை அழித்துவிடும். எறும்பு மருந்தோ எறும்புச் சாக்குக்கட்டியோ பயன்படுத்தினால் கரப்பான்களும் சேர்ந்து சாகும். நம் பாட்டிமார் உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியது போல, பெட்டி வைக்கும் மேசையின் கால்களையும் தண்ணீரில் நிறுத்துவதே பாதுகாப்பான வழி. தண்ணீரில் சில துளிகள் சவர்க்காரம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது, கொசுவும் பெருகாது. அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது எதிரி மருந்துப் புகை. டிங்கி ஒழிப்புக்காகத் தாமான்களில் புகையடிப்பது வழக்கம். அந்த மருந்துக்குக் கொசு என்றும் கரப்பான் என்றும் பேதம் தெரியாது. புகையடிக்கும் அறிவிப்பு வந்தால், பெட்டியை உள்ளறைக்கு மாற்றிச் சன்னல்களை மூடிவைக்க வேண்டும். அதற்காகப் புகையடிக்க வருவோரைத் தடுக்கக் கூடாது. டிங்கி உயிரைப் பறிக்கும் நோய். வீட்டில் அடிக்கும் கொசு மருந்து, கொசுவர்த்தி, மின்சாரக் கொசுவிரட்டி ஆகியவையும் பெட்டியின் அருகே கூடாது. மருந்து பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அந்தப் பூச்சிகளைப் பிராணிக்குக் கொடுக்காமல் அப்புறப்படுத்துவதே அறிவுடைமை.

எத்தனை பூச்சிகளோடு தொடங்குவது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஐந்தாறு பூச்சிகளை வாங்கிப் போட்டுவிட்டு, அடுத்த மாதமே அள்ளலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் நிலைமை புரியும்.

நல்ல நிலையில் உள்ள ஒரு பெண் டூபியா ஏறக்குறைய இரண்டு மாதத்திற்கு ஒருமுறை 20 முதல் 30 குஞ்சுகள் வரை ஈனும். 20 பெண் பூச்சிகள் இருந்தால், தலைக்கு 25 என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்தில் 500 குஞ்சுகள் கிடைக்கும். நாளொன்றுக்குப் பார்த்தால் எட்டு. ஒன்றிரண்டு சிறுத்தைப் பல்லிகளுக்கு இது தாராளம். ஆனால் வளரும் பருவத்திலுள்ள தாடி ஓணான் ஒரே நாளில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பூச்சிகளைத் தின்னும். அதற்கு ஈடுகொடுக்க 50 பெண் பூச்சிகளாவது வேண்டும்.

மூன்று முதல் ஐந்து பெண் பூச்சிகளுக்கு ஓர் ஆண் போதும். ஆண்கள் மிகுந்தால் ஒன்றையொன்று தள்ளிச் சண்டையிட்டு, பெண்களையும் நிம்மதியாக இருக்க விடாது. குஞ்சு முதிர்வதற்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். எனவே முதல் ஆறு மாதங்களுக்குப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காமல் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை தீனியைக் கடையில் வாங்கிக் கொள்வதுதான் சரி. அதன் பிறகும் மிஞ்சிய ஆண்களையும் நடுத்தர அளவுக் குஞ்சுகளையும் மட்டுமே எடுக்க வேண்டும். முதிர்ந்த பெண்ணை எடுப்பது விதை நெல்லைச் சமைத்து உண்பதற்குச் சமம்.

பெட்டியை அடிக்கடி திறந்து கிளறுவதும் கூடாது. அதிர்ச்சிக்கு உள்ளாகும் பெண் பூச்சி, வயிற்றிலுள்ள முட்டைக் கூட்டை முதிராமலேயே வெளியே தள்ளிவிடும். அதிலிருந்து குஞ்சு வராது.

பூச்சிக்கு என்ன உணவு?

உலர் உணவாக ஓட்ஸ், கோதுமைத் தவிடு ஆகியவற்றைப் பொடித்துத் தட்டில் வைக்கலாம். கேரட், பூசணி, சக்கரைவள்ளி, ஆரஞ்சு, பப்பாளி, சாவிக் கீரை ஆகியவற்றைச் சிறு துண்டுகளாகத் தரலாம். காய்கறிகளில் பூச்சி மருந்து தங்கியிருக்கும் என்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். மீதமாகும் ஈர உணவை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

விரைவில் பெருகட்டும் என்று நாய், பூனைத் தீனியை அள்ளிப் போடுவோர் உண்டு. அவற்றில் புரதம் மிக அதிகம். கரப்பான் மிகுதியான புரதத்தை யூரிக் அமிலமாக மாற்றித் தன் கொழுப்புத் திசுவில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. அத்தகைய பூச்சிகளையே தொடர்ந்து தின்னும் ஊர்வனவற்றின் சிறுநீரகத்திற்கு அது நல்லதல்ல. மருந்து கலந்த கோழித் தீனியையும் தவிர்க்க வேண்டும்.

திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். பழமும் காய்கறியும் தரும் ஈரமே பெரும்பாலும் போதுமானது. தேவைப்பட்டால் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் படிகக் குழைவைத் தட்டில் வைக்கலாம்.

எலும்பைக் காக்கும் வெள்ளைப் பொடி

கரப்பான் சத்துள்ள தீனிதான். ஆயினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. தீனிப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றைப் போலவே இதிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். பூச்சியை மட்டுமே தின்று வளரும் பல்லியோ ஓணானோ தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். தாடை மிருதுவாகும், கால்கள் வளையும், உடல் நடுங்கும், சிறு அசைவிலும் எலும்பு முறியும். வளர்ப்பு ஊர்வனவற்றில் அடிக்கடி காணப்படும் இந்த நோய், பெரும்பாலும் வளர்ப்பவரின் அறியாமையால் வருவது. பிராணிக்குத் தன் உணவைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைத் தடுக்க மூன்று வழிகளை ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவதாக, கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரத்திற்கு முன்பே பூச்சிகளைத் தனியே பிரித்து, சத்தான கீரையும் காய்கறியும் ஊட்ட வேண்டும். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் பிராணிக்குத்தான் போய்ச் சேரும். இரண்டாவதாக, பூச்சிகளைச் சிறு பையில் இட்டு, ஊர்வனவற்றுக்கான சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் குலுக்கிய பிறகே கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, தாடி ஓணான் போன்ற பகலில் திரியும் இனங்களுக்குப் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு அவசியம். அக்கதிர் பட்டால்தான் உடலில் டி3 வைட்டமின் உருவாகும். அந்த வைட்டமின் இருந்தால்தான் சுண்ணாம்பு உடலில் சேரும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் ஏறக்குறைய இல்லை. டி3 கலந்த பொடியை அளவுக்கு மீறித் தருவதும் கேடுதான் என்பதால், பிராணி மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பூச்சியின் அளவு, பிராணியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறக் கூடாது. டூபியா மணலுக்குள் புதைந்தும் செத்தது போல் அசையாமலும் கிடக்கும். ஆகவே வழுவழுப்பான கிண்ணத்தில் போட்டோ இடுக்கியால் பிடித்தோ ஊட்டலாம். தாடி ஓணான் வளர வளரப் பூச்சியைக் குறைத்துக் கீரையைக் கூட்டிவர வேண்டும்.

வீட்டாரின் நலனும் முக்கியம்

கரப்பானின் கழிவும் உரித்த தோலும் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கும். சிலருக்கு அது ஒவ்வாமையை ஏற்படுத்தும், ஆஸ்துமாவைத் தூண்டும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டிற்கு வெளியே செய்ய வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால், இந்த முயற்சியையே கைவிடுவது நல்லது. ஒரு பல்லியின் உணவுக்காக ஒரு பிள்ளையின் மூச்சைப் பணயம் வைக்கத் தேவையில்லை. ஊர்வனவற்றைத் தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் கட்டாயம். அவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து அதிகம்.

ஒரு மாதத்திற்கோ இரண்டு மாதத்திற்கோ ஒருமுறை கழிவை அகற்றினால் போதும். கழிவைச் சலித்துப் பார்த்தால் மிகச் சிறு குஞ்சுகள் அதில் இருக்கும். அவற்றைப் பெட்டியிலேயே சேர்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் போல் சிற்றுண்ணிகள் ஊர்ந்தால், ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஈர உணவைக் குறைத்து, அட்டைகளை மாற்றி, பெட்டியை உலர விட வேண்டும்.

கழிவு செடிகளுக்கு நல்ல உரம். ஆனால் அதை உறைபெட்டியில் குறைந்தது இரண்டு நாட்கள் வைத்த பிறகே தோட்டத்தில் போட வேண்டும். பூச்சிகள் மிதமிஞ்சிப் பெருகினாலும், இனி வேண்டாம் என்று ஆனாலும் அதே வழிதான். வெளியே திறந்து விடுவது பெருந்தவறு. குளிர் நாட்டில் தப்பிய டூபியா குளிரில் மடியும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதன் தாயகத்தை ஒத்தவை. மத்திய ஆசியாவைச் சேர்ந்த துருக்கிஸ்தான் கரப்பானும் தீனிக்காக விற்கப்படுவதுதான். 1978-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட அது, இன்று அந்நாட்டின் தென்மேற்குப் பகுதி முழுவதும் பரவித் தொல்லை தருகிறது. ஒரு பெட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அண்டை வீட்டாருக்கும் நாட்டுக்கும் செய்யும் கடமையாகும்.

தொடங்குவதா, வேண்டாமா?

ஒரே ஒரு சிறுத்தைப் பல்லி வைத்திருப்பவருக்கு இவ்வளவு ஏற்பாடும் பெரும்பாலும் தேவையில்லை. அவ்வப்போது சிறு அளவில் வாங்கிக்கொள்வதே எளிது. இரண்டு மூன்று பிராணிகள் உள்ளவருக்கும், தாடி ஓணானைக் குஞ்சிலிருந்து வளர்ப்பவருக்கும் இது கைகொடுக்கும். வீட்டிலுள்ள அனைவரின் சம்மதத்தையும் பெற்றே தொடங்க வேண்டும். ஒளித்து வைத்து வளர்த்தால், ஒருநாள் அம்மாவின் கண்ணில் படும்போது பூச்சியோடு பிராணியும் வீட்டை விட்டுப் போக நேரிடும்.

தீனிக்காக வளர்க்கப்படுவதால் அந்தப் பூச்சி உயிரில்லாத பொருளாகிவிடாது. அதற்கும் நல்ல உணவு, காற்று, இருட்டு, இடம் ஆகியவை தேவை. பட்டினியிலும் அழுக்கிலும் கிடந்த பூச்சியால் அதைத் தின்னும் பிராணிக்கும் நன்மை இல்லை. பூச்சிப் பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பவரின் பிராணி நலமாக இருக்கும். வீட்டாரும் நிம்மதியாக இருப்பர்.